கவுனிக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும் உத்தரங்களும், இத்தாலியப் பளிங்கும், ஐரோப்பியக் கண்ணாடிகளும் அந்த ஊரின் வீடுகளில் அப்படிக் கண்ணை இழுக்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் எங்கெங்கிருந்து எதையெல்லாம் கொண்டுவந்தார்கள் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி. அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு பொருளைக் காணப் பந்தியில் உட்கார வேண்டும். கறுப்பாக உலையில் இறங்கி, வேகும்போது ஊதா நிறம் கக்கி, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து இலைக்கு வரும் கவுனி அரிசி அது. பர்மாவிலிருந்து வந்த நெல் என்பது செட்டிநாட்டில் வழிவழியாக வரும் செய்தி.

கவுனி பிழைத்திருப்பதே ஓர் ஆச்சரியம். அது ஆள் உயரத்துக்கு வளரும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும். வயது ஏறத்தாழ ஐந்து மாதம். பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும் என்பதால் நினைத்த பட்டத்தில் விதைக்க முடியாது. விளைச்சலோ குறைவு. 1966-இல் ஐ.ஆர்.8 வந்த பிறகு, குட்டையான, உரத்துக்கு ஈடுகொடுக்கும் ரகங்கள் தமிழ்நாட்டு வயல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. தென்னார்க்காட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே ஐ.ஆர்.எட்டு என்று பெயர் வைத்தார்; அந்தக் காலத்தின் மனநிலை அது. நூற்றுக்கணக்கான பழைய ரகங்கள் வயலைவிட்டுப் போன அந்த ஆண்டுகளில் கவுனி போகாமல் நின்றதற்குப் பெரிய காரணம் சமையலறை. செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் முடியாது என்ற வழக்கம், எங்கோ சில விவசாயிகளை அந்த நெல்லை விடாமல் விதைக்க வைத்தது.

ஆனால் அந்த நெல்லுக்கும் செட்டிநாட்டு மண்ணுக்கும் முழுப் பொருத்தம் கிடையாது. கானாடுகாத்தானைச் சுற்றியிருப்பது செம்மண்ணும் சரளையும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. ஐந்து மாதம் வயலில் நிற்கும் நெல்லுக்குக் கடைசி வரை கண்மாய்த் தண்ணீர் எட்டுவது அரிது. இந்தப் பக்கத்து விவசாயிக்கு ஏற்ற கவுனி வேண்டுமென்றால் அதன் வயதைக் குறைக்க வேண்டும், தண்டை உறுதியாக்க வேண்டும், வறட்சி தாங்கும் குணத்தைச் சேர்க்க வேண்டும். அதே நேரத்தில் நிறமும் மணமும் ஒட்டும் பதமும் மாறக்கூடாது.

இதற்கு ஒரே வழி, கவுனியை இன்னொரு நெல்லோடு கலப்பது. எந்த நெல்லோடு? பயிர் இனவிருத்தி என்ற அறிவியலின் முதல் கேள்வியும் கடினமான கேள்வியும் இதுதான்.

பங்காளியும் சம்பந்தியும்

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. உட்பிரிவுகள் உள்ள கோயில்களுக்குத் தனி விதி உண்டு. சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும், ஆனால் பங்காளியாக இருக்கக்கூடாது. இனவிருத்தியாளர் பெற்றோர் தேடுவதும் இதே வரம்புக்குள்தான். மிக நெருங்கிய இரு ரகங்களைக் கலந்தால் சந்ததியில் புதிதாக எதுவும் பிறக்காது. இருவரிடமும் இருப்பது ஒன்றே. மிகத் தூரத்து உறவைக் கலந்தால் மணியே பிடிக்காமல் பதராகப் போகும்.

பெற்றோரில் ஒன்று, பயிரிடப்போகும் மண்ணுக்கும் மழைக்கும் பழகியதாக இருப்பது நல்லது. மற்றொன்று, முதலாவதிடம் இல்லாத குணத்தைக் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒரே குறையைச் சுமந்திருக்கக்கூடாது. அப்படியிருந்தால் பிள்ளைகளில் அந்தக் குறை நிச்சயமாகிவிடும். தாய் எது, தந்தை எது என்பதிலும் கவனம் வேண்டும். உட்கருவில் உள்ள மரபணுக்கள் இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாக வரும். உட்கருவுக்கு வெளியே உள்ள பசுங்கணிகத்தின் மரபணுக்களும் இழைமணியின் மரபணுக்களும் நெல்லில் தாய்வழியே வருகின்றன.

கவுனிக்கு இந்த வகையில் ஒரு சம்பந்தம் தேடினால், அடுத்த மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறது. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா 4 என்ற ரகம், பந்த்தான் 10, ஐ.இ.டி. 9911 என்ற இரண்டு ரகங்களின் வாரிசு. ஏறத்தாழ 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் புழுதி விதைப்புக்கென்றே உருவானது. மழை தவறும் நாட்களைச் சமாளிக்கும் ரகம் என்று பெயர் வாங்கியது. கவுனியிடம் இல்லாதவை பலவும் அதனிடம் இருக்கின்றன. கவுனியின் நிறமும் பதமும் அதனிடம் இல்லை. பொருத்தம் பார்ப்பதற்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

காலை வெயிலில் திறக்கும் பூ

நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் பயிர். காலை வெயில் ஏறியபின் உமியின் இரு பகுதிகளும் விரியும். விரியும் வேளையிலேயே ஆறு மகரந்தப் பைகளும் வெடித்துத் தூளை உதிர்க்கும். சற்று நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமென்றால் பூ திறப்பதற்கு முன்பே குறுக்கிட வேண்டும்.

முதல் நாள் மாலை, தாயாகப்போகும் செடியின் கதிரில் மறுநாள் திறக்கவிருக்கும் பூக்களைத் தேர்ந்து, உமியின் மேல்நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். வேளாண்மைக் கல்லூரியில் இதற்கு ஆண்மை நீக்கம் என்று பெயர். பிறகு கதிரைக் காகித உறையால் மூடுவார்கள். மறுநாள் காலை, தந்தைச் செடியின் விரிந்த கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் தட்டுவார்கள். தேதியும் பெற்றோரின் பெயரும் எழுதிய அட்டை தொங்கும். நான்கு வாரத்தில் சில மணிகள் முற்றும். கைநிறைய விதைகூட வராது. அதுவே பெரிய வெற்றி.

அந்த மணிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் பெற்றோரின் குணங்கள் பிரிந்து, புதுப்புதுச் சேர்க்கைகளாக வெளிப்படும். இனவிருத்தியாளருக்கு எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு குணம் ஒன்று இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு செடியில் தெரியும். அப்படி ஐந்து குணங்கள் ஒரே செடியில் சேர வேண்டுமானால், சராசரியாக 1024 செடிகளில் ஒன்றில்தான் கிடைக்கும். நூறு செடி வளர்த்துவிட்டு நல்லது வரவில்லை என்று சொன்னால் குற்றம் பெற்றோர்மேல் கிடையாது. வளர்த்த நிலம் போதவில்லை.

கிடைத்த செடியை விதைத்து, அதன் பிள்ளைகளில் தேர்ந்து, மறுபடி விதைத்து, ஆறேழு தலைமுறை கடந்தால் ரகம் நிலைபெறும். கவுனியின் சுவை அதிகம் மாறக்கூடாது என்றால் கலப்புச் செடியை மறுபடியும் கவுனியோடே சேர்க்க வேண்டும். முதல் கலப்பில் கவுனியின் பங்கு பாதி, ஒருமுறை திருப்பிக் கலந்தால் 75 சதவீதம், இருமுறைக்கு 87.5, மூன்று முறைக்கு 93.75. ஒவ்வொரு முறையும், வேண்டிய குணம் நழுவிவிடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இன்று மரபணுவில் உள்ள அடையாளக் குறிகளைக் கொண்டு நாற்றங்காலிலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள்.

இந்த ஊகப் பயிற்சிக்கு வெளியே, கவுனியை மேம்படுத்தும் வேலை நடந்தே இருக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கவுனியின் கறுப்பு அரிசியை, சாயாத, பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் உடம்பில் கொண்டுவந்து 2023-இல் கோ 57 என்ற ரகமாக வெளியிட்டது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4600 கிலோ விளையும், அது கவுனியைப்போல இரு மடங்கு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. சில மூத்த விவசாயிகள் விடாமல் காப்பாற்றிய ஒரு நெல் இல்லாமல் இந்த ரகம் பிறந்திருக்க வழியில்லை.

கறுப்பும் ஒரு கலப்பின் கதை

கவுனியின் கறுப்புக்கும் ஒரு வம்சாவளி உண்டு. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. அந்தச் சிவப்பைத் தரும் மரபணுவில் 14 எழுத்துகள் உதிர்ந்துபோனதால் வெள்ளை அரிசி பிறந்தது. உலகின் வெள்ளை அரிசி ரகங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே உதிர்வைச் சுமக்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கறுப்புக்கான மாற்றத்தை ஜப்பானிய அறிவியலாளர்கள் 2015-இல் விளக்கினார்கள். காலா 4 என்ற மரபணுவை இயக்கும் பகுதி மாறியதால், அரிசியின் மேல்தோலில் ஆந்தோசயனின் என்ற நிறமி சேர்ந்தது. அந்த மாற்றம் நெல்லின் இரு பெரும் வகைகளில் ஒன்றான ஜப்பானிகாவில் தோன்றி, கலப்பின் வழியே மற்ற வகையான இண்டிகாவுக்குள் நுழைந்தது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில், கறுப்பு மணியை விரும்பி எடுத்து வைத்த விவசாயிகளின் கைகளால் நடந்தது இது. இரண்டு தூரத்து உறவுகள் அக்கம்பக்கத்து வயல்களில் நின்றதால் அந்தக் கலப்பு கைகூடியது.

கீழக்கரையிலிருந்து பொன்னி வரை

முறையான நெல் இனவிருத்தி இந்தியாவில் தொடங்கிய இடங்களுள் முதன்மையானது கோயம்புத்தூர். அங்கே 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. எஃப்.ஆர். பார்னெல் அதன் தொடக்ககால அறிவியலாளர். கோனாமணி நெல் வயலில் தனித்துத் தெரிந்த ஒரு செடியிலிருந்து தேர்ந்து 1921-இல் வெளிவந்த சன்ன ரகம் ஜி.இ.பி. 24. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். நல்ல சாப்பாட்டு அரிசி என்பதால் பின்னாளில் எந்தக் கலப்புக்கும் பெற்றோராக முதலில் நினைவுக்கு வந்தது இதுவே.

பார்னெலிடம் உதவியாளராகச் சேர்ந்து நெல் மரபியலில் உலகப் பெயர் பெற்றவர் கே. ராமையா. 1892-இல் கீழக்கரையில் பிறந்தவர். கானாடுகாத்தானும் சிவகங்கையும் சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் வட்டாரத்துப் பிள்ளை. 1946-இல் கட்டக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர். 1950-களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அந்த நிலையத்தில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. உரத்துக்கு ஈடுகொடுக்கும் ஜப்பானிகா நெல்லையும், நம் வெப்பத்துக்குப் பழகிய இண்டிகா நெல்லையும் கலக்கும் திட்டம் அது. பல நாட்டு ரகங்களை வைத்து எத்தனையோ கலப்புகள் செய்தார்கள். தூரத்து உறவு என்பதால் பெரும்பாலானவை பதராகிப் போயின. தேறியவை ஒரு கையளவு.

அந்தக் கையளவில் இரண்டு நம் வாழ்க்கையை மாற்றின. நோரின் 10, ஜி.இ.பி. 24 என்ற இரண்டையும் கலந்து பிறந்த ஆடுதுறை 27, 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றிப்போட்டது. தைச்சுங் 65, மாயாங் எபோஸ் 80 என்ற தைவான், மலேயா ரகங்களின் கலப்பு மலேசியாவில் மசூரி என்ற பெயரில் வெளிவந்தது. அது தமிழ்நாட்டுக்கு வந்து பெற்ற பெயர் பொன்னி. அதிலிருந்து தேர்ந்த வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளிவந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இன்று அன்றாடச் சோறாகும் பொன்னிக்குப் பின்னால், ராமையா வளர்த்த நிலையத்தில் யாரோ துணிந்து செய்த ஒரு தூரத்துச் சம்பந்தம் இருக்கிறது.

கடைத்தெருவில் பங்காளிகள்

இனி காரைக்குடியில் ஓர் அரிசிக் கடைக்குள் நுழைந்து மூட்டைகளின் வம்சாவளியைப் பார்க்கலாம். ஆந்திராப் பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204, ஜி.இ.பி. 24, தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி மூன்றும் சேர்ந்த பிள்ளை. ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6, அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. கோ 43, தசால் என்ற பழைய ரகத்துக்கும் ஐ.ஆர். 20-க்கும் பிறந்தது. ஆடுதுறை 43, ஐ.ஆர். 50-க்கும் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னிக்கும் பிறந்தது. கோ 51-இன் பெற்றோரில் ஒன்று ஆடுதுறை 43. கோ 52-இன் பெற்றோரில் ஒன்று பி.பி.டி. 5204.

பெயர் பல, பாட்டன் பாட்டி ஒன்றிரண்டு பேர்.

ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகச் சரியான முடிவே. நல்ல சோறு வேண்டும் என்றால் பொன்னியை எடுப்பதும், சன்ன அரிசி வேண்டும் என்றால் ஜி.இ.பி. 24-ஐ எடுப்பதும் இயல்பு. நல்ல பெற்றோரையே திரும்பத் திரும்ப எடுக்கும்போது ஊர் முழுவதும் பங்காளிகளாகிவிடுகிறது. குட்டைத் தன்மையின் கதையும் இதுவே. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகள் செய்தார். அவற்றில் எட்டாவது, பீட்டா என்ற உயரமான ரகத்துக்கும் டீ-கியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை ரகத்துக்கும் நடந்தது. அதில் பிறந்ததே ஐ.ஆர். 8. அந்தத் தைவான் நெல்லின் குட்டை மரபணு இன்று வெப்ப நாடுகளின் பெரும்பாலான குட்டை ரகங்களுக்குள் ஓடுகிறது.

ஒரே மரபணு எங்கும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 1970-இல் பார்த்தது. வீரிய மக்காச்சோள விதை எடுப்பதைச் சுலபமாக்க டெக்ஸாஸ் வகை என்ற ஒரே தாய்வழி மலட்டுத் தன்மையை நாடு முழுவதும் பயன்படுத்தியிருந்தார்கள். பயிரில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்த வழியில் வந்தது. அதைக் குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்று பரவியது. அந்த ஆண்டு மகசூலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று. தாயை ஒரே வீட்டிலிருந்து எடுத்ததற்குக் கொடுத்த விலை அது.

ஆறாயிரத்தில் ஒன்று

அதே பத்தாண்டில் ஆசிய நெல் வயல்களிலும் ஒரு சோதனை வந்தது. புகையான் பூச்சி பரப்பும் புல்குட்டை நச்சுயிரி நோய், புதிய ரகங்களைக் கட்டைப் புல்லாக்கி நிறுத்தியது. பன்னாட்டு நெல் நிறுவனத்தினர் தங்கள் சேகரிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். பயிரிடும் ரகங்கள் எதிலும் எதிர்ப்புச் சக்தி கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில். 1963-இல் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்தது அது. மணி உதிர்ந்துவிடும், விளைச்சலே கிடையாது; பெற்றோராக யாரும் நினைக்காத புல். குர்தேவ் சிங் குஷ் தலைமையிலான குழு அதன் எதிர்ப்பு மரபணுவைத் திருப்பிக் கலக்கும் முறையில் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தது. அப்படி உருவான ரகங்களுள் ஐ.ஆர். 36 ஒரு காலத்தில் உலகிலேயே அதிகப் பரப்பில் விளைந்த நெல்லானது.

நமக்குப் பழக்கமான பி.பி.டி. 5204-க்கும் இப்படியொரு சிகிச்சை நடந்தது. சோறு அருமை, பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. ஹைதராபாத் ஆய்வாளர்கள் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அதற்குள் திருப்பிக் கலந்து, மேம்படுத்திய சம்பா மசூரி என்று 2008-இல் வெளியிட்டார்கள். அந்த மூன்றில் எக்ஸ்.ஏ. 21 என்பது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. வெள்ளம் தாங்கும் மரபணு ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகத்தில் இருந்தது. அதைப் பெற்ற ஸ்வர்ணா சப் 1, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீளும் நெல். காவிரிப் படுகைக்குப் பழக்கமான சி.ஆர். 1009 ரகத்துக்குள்ளும் அதே மரபணு சேர்ந்திருக்கிறது.

எந்தப் பழைய நெல் எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் நல்ல பெற்றோரைத் தேர்வது எவ்வளவு முக்கியமோ, இப்போது தேவைப்படாத பெற்றோரைச் சாகவிடாமல் வைத்திருப்பதும் அவ்வளவு முக்கியம். தேர்வதற்குப் பத்துப் பேர் இருந்தால்தான் தேர்வு. ஒருவர் மட்டும் மிஞ்சினால் அது கட்டாயம்.

குளிரறையும் வயலும்

விதைகளைக் காக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மரபணு வங்கி. புது டெல்லியில் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பயிர் மாதிரிகளை உறைகுளிரில் வைத்திருக்கிறது. பன்னாட்டு நெல் நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக்குக் கீழக்கரைக்காரரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது: ராமையா மரபணு வங்கி.

மற்றோர் இடம் விவசாயியின் வயல். குளிரறையில் இருக்கும் விதை சேகரித்த நாளில் இருந்தபடியே தூங்கும். வயலில் இருக்கும் விதை ஒவ்வோர் ஆண்டும் புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் சந்தித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். திருவாரூர் மாவட்டத்து நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தது இந்த இரண்டாவது வழியில். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். அந்த எளிய கணக்கு, பூங்காரையும் குழியடிச்சானையும் கவுனியையும் ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பரப்பியது. அவர் 2018-இல் மறைந்தார். பாரம்பரிய நெல்லைக் காக்கும் இயக்கம் ஒன்றை அவர் பெயரிலேயே தமிழ்நாடு அரசு நடத்துகிறது.

வயலில் பலவகை நெல் நிற்பது காட்சிப் பெருமைக்காக மட்டும் கிடையாது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் விவசாயிகள் விரும்பிய ஒட்டும் அரிசி ரகங்கள் குலை நோய்க்கு எளிதில் இரையாகின. வீரிய நெல் வரிசைகளுக்கு நடுவே அவற்றைக் கலந்து நட்டுப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான வயல்களில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2000-இல் வெளிவந்தது. தனியாக நட்டதோடு ஒப்பிட, ஒட்டும் அரிசியில் குலை நோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பக்கத்தில் நிற்கும் பயிர் தூரத்து உறவாக இருந்ததால் பூஞ்சை வித்துகளுக்குத் தாவிச் செல்ல வழி கிடைக்கவில்லை. ஒட்டும் அரிசியான நம் கவுனியை விதைக்கிறவர்களும் யோசித்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

விதை எடுப்பதில் ஒழுங்கு

கவுனியோ சித்திரைக்காரோ, வீட்டு விதையை ஆண்டுக்காண்டு எடுத்து வைப்பவர்கள் சிலவற்றைக் கவனித்தால் ரகம் கெடாது, பன்மையும் குறையாது. விதைக்கென்று வயலின் நடுப்பகுதியை ஒதுக்க வேண்டும். வரப்போரத்தில் அடுத்த வயலின் கலப்பு வரலாம். வேறு ரகத்துக்கும் விதைப் பகுதிக்கும் குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். பூக்கும்போதும் முற்றும்போதும் இரண்டு முறை இறங்கிக் கலவன்களைப் பிடுங்க வேண்டும்.

அடுத்த விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மிக அழகான ஒரே கதிரை எடுத்து அதிலிருந்தே விதை பெருக்கினால், பழைய ரகத்துக்குள் இருக்கும் சிறு சிறு வேறுபாடுகள் எல்லாம் அந்த ஓராண்டிலேயே போய்விடும். நாட்டு ரகம் என்பது ஒரு குடும்பம். சில செடி பத்து நாள் முந்தும், சில பிந்தும். மழை தவறிய ஆண்டில் கைகொடுப்பது அந்த வேறுபாடே. ஆகவே நல்ல செடிகள் பலவற்றிலிருந்து கதிர் எடுக்க வேண்டும். கம்பு, மக்காச்சோளம் போல மகரந்தம் பறந்து கலக்கும் பயிர்களுக்கு இன்னும் கூடுதலாக, நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்த விதையை நன்றாகக் காயவைத்து, ஒரு பங்கை வீட்டிலும் ஒரு பங்கை உறவினர் வீட்டிலும் வைப்பது, ஒரு மழை வீட்டைத் தாக்கினாலும் ரகத்தைக் காக்கும்.

2001-இல் நிறைவேறிய பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்கிறது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் செய்யலாம். தான் காத்துவந்த ரகத்தைத் தன் பெயரில் பதிவுசெய்யவும் அதில் இடம் உண்டு.

கல்விக்கு வாரி வழங்கிய ஊர் கானாடுகாத்தான். அங்கே பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் பயிர் இனவிருத்தியைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே செட்டிநாடு என்ற இடத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கண்மாய்க்கு ஏற்ற ஒரு கவுனியை உருவாக்குவதற்குத் தேவையான அறிவும் நிலமும் இந்த வட்டாரத்திலேயே உண்டு. தேவைப்படுவது விதை, அதுவும் பல வகையான விதை. கறுப்புக் கவுனி மட்டும் போதாது, சிவப்புக் கவுனியும் வெள்ளைக் கவுனியும் வேண்டும். ஒரு விவசாயியின் கவுனியும் அடுத்த ஊர்க்காரரின் கவுனியும் ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த வேறுபாட்டில்தான் அடுத்த நல்ல பெற்றோர் ஒளிந்திருக்கலாம்.

எனவே கல்யாணத்துக்குக் கவுனி வாங்குகிறவர்கள் எந்த ஊர் வயலில் விளைந்தது என்று கேட்டு, முடிந்தால் விளைவித்தவரிடமே நேரடியாக வாங்குங்கள். குலுக்கையிலோ பரணிலோ தாத்தா காலத்து நெல் ஏதேனும் இருந்தால், முளைப்புத் திறன் போவதற்குள் கொஞ்சம் விதைத்துப் பாருங்கள். ரகத்தின் பெயர், விளைந்த ஊர், விதைக்கும் மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படி விதையோடு செட்டிநாடு நிலையத்துக்கோ கோயம்புத்தூர் ராமையா மரபணு வங்கிக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். மீதியை வயலில் விதைத்து, அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.